சேர்மானம்

மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
ராத்திரி ஒன்றேகால்.
சுவருக்கு அந்தப்பக்கம் நேவி ப்ளூ கொதிக்கிறது.
இந்தப்பக்கம் நான், ஏசி, ஒரு சர்வர்.
சாயம் எத்தனை கிராம், உப்பு எத்தனை கிலோ,
அறுபது டிகிரியில் எத்தனை நிமிஷம் என்று
ஒவ்வொரு மெஷினும் வந்து கேட்பது இதனிடம்தான்.

காலை பத்துக்கு ஆடிட்.
பையர் அனுப்பிய தாளில் பதினேழாவது கேள்வி:
டேட்டாபேஸுக்குப் போகிற வழிக்குப் பூட்டு உண்டா?
எஸ்எஸ்எல் இருக்கிறதா, இல்லையா?
"ஆமான்னு போட்டுடுங்க, ஆருங்க வந்து பாக்கறாங்க"
என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்
மெர்ச்சண்டைசர் பூவேந்திரன்.

செட்டிங் என்பது பிரிண்டிங் மாதிரி.
தைத்து முடித்த பனியன் மேலும் அடிக்கலாம்.
கம்பைல் பண்ணும்போது சேர்த்தது அப்படியல்ல,
மெலாஞ்ச்.
நூலாகும் முன்பே, பஞ்சிலேயே,
கறுப்பும் வெள்ளையும் கலந்தாயிற்று.
எந்தத் தண்ணீரில் அலசினாலும்
அந்தச் சாம்பலை இனிப் பிரிக்க ஆகாது.

பிஜி-கான்ஃபிக் என்று தட்டினேன்.
சீர்வரிசைத் தட்டு மாதிரி நீளமாய் ஒரு வரி வந்தது.
ஓபன்எஸ்எஸ்எல் உண்டு, இசட்லிப் உண்டு, ரீட்லைன் உண்டு,
எனக்குத் தெரியாததும் நாலைந்து உண்டு.
பதினேழுக்கு நேரே பேனா முனையை வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு, உள்ளே நுழைந்து
ஏனோ மேல் அம்புக்குறியை அழுத்தினேன்.
போன கட்டளை வரவேண்டிய இடத்தில்
வழக்கம்போல ஒரு தொப்பிக்குறி, இரண்டு அடைப்பு, ஒரு ஏ.
ரீட்லைன் இருந்தால் இது வராதே.
மூன்று வருஷமாக நான் கீபோர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் யாரோ இறக்கி வைத்த வேறொரு போஸ்ட்கிரெஸ்
வாசலில் நின்று எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது.
ஒரு நாள் வேலை பார்த்ததில்லை அது.
ஓடுகிறதைக் கேட்காமல்
நிற்கிறதைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது ஓடுகிறதன் வாயாலேயே,
ஒற்றை செலக்ட்.

குட்டை வரி.
ரீட்லைன் இல்லாமல். இசட்லிப் இல்லாமல்.
ஓபன்எஸ்எஸ்எல் என்ற பேச்சே இல்லை.
குடியிருக்கும் ஃபோல்டரின் பெயர்: தற்காலிகம்.

பேக்கப்பைச் சுருக்க முடியாமல்
வாராவாரம் டிஸ்க் நிரம்பியது இதனாலா.
மூன்று நோயென்று மூன்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்,
ஒரே வரி.

ஃபைலின் தேதி ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு,
இரவு பதினொன்று ஐம்பது.
பூபதிராஜனாகத்தான் இருக்கும்.
இப்போது பெருந்துறைப் பக்கம் கோழித்தீவனம் விற்கிறாராம்.
அன்றைக்கு நெட் போயிருக்கும்,
முதலாளி செருப்பைக் கழற்றாமல் பின்னால் நின்றிருப்பார்,
"இப்போதைக்கு ஓட்டிப்போடலாமுங்க" என்றிருப்பார் இவர்.
அந்த இப்போதைக்குதான்
இதுவரை எத்தனை டன் துணிக்கோ நிறம் சொல்லியிருக்கிறது,
ஒரு லாட்கூட ஷேடு மாறாமல்.

பதினேழுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாக, 'செய்துகொண்டிருக்கிறோம்'.

பொய்யாகக் கூடாது என்பதற்காக
சோர்ஸை அவிழ்த்து, கன்ஃபிகர் அடித்தேன்.
எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றையும் விடவில்லை.
ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று வந்தபோது
கொஞ்சம் திமிரோடு 'நிரந்தரம்' என்று போட்டேன்.

அது தனக்குத்தானே கேட்டுத் தானே சொல்லிக்கொண்டு போயிற்று.
சி கம்பைலர் இருக்கிறதா... இருக்கிறது.
ஓடுகிறதா... ஓடுகிறது.
ரீட்லைன் இருக்கிறதா...
இல்லை.

நின்றுவிட்டது.
லைப்ரரியை இறக்கலாமென்றால் நெட் இல்லை,
மோடத்தில் சிவப்பு விளக்கு.
அந்தப்பக்கம் நேவியை வடித்துவிடுகிற சத்தம்,
அடுத்த லாட் மெரூன், அது வந்து கேட்கும்.

திரையில் கடைசி வரியில்
மிகவும் மரியாதையாக ஒரு யோசனை:
ரீட்லைன் இல்லாமல் என்று போட்டால்
மேற்கொண்டு போகலாம்.

மணி மூன்று ஐந்து.